சின்னவனின் முதுகும் பாதி மாத்திரையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் ஒருவழியாக இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நான் வாயைத் திறந்ததுமே "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

உன் தம்பியைப் பற்றித்தான். டயர் கடையில் ஒரு கார் சக்கரத்தைத் தூக்கியிருக்கிறான், தினமும் தூக்குகிறதுதான், லாரி சக்கரம்கூட இல்லை, முதுகில் சுள்ளென்று பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தவனை உன் அம்மா நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள், படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஓரிடம் நசுங்கியிருக்கிறது. எலும்பின் அடர்த்தியையும் அளந்துவிட்டு, "இந்த வயசுக்கு இருக்க வேண்டிய பலம் எலும்புல இல்லையே" என்றார் டாக்டரம்மா. உங்கள் இருவருக்கும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அந்தச் சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யாததால் கைக்குழந்தையிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத்தானே வளர்த்தோம், அது தேவைக்கு மேல் போனால் வருஷக்கணக்கில் எலும்பை மெலிய வைத்துவிடுமாம். சின்னவன் காதில் விழுந்தது அது ஒன்றுதான். "நீங்களா கை வைக்காதீங்க, ரத்தம் பாத்து நான்தான் அளவை மாத்தணும்" என்று அவர் சொன்னது காற்றோடு போய்விட்டது.

எங்களிடம் மூச்சுவிடாமல் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டான். சோர்ந்து கிடந்தான், சாப்பாடு இறங்கவில்லை, நாங்கள் முதுகுவலிதான் காரணம் என்று இருந்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக்குள் வாந்தி எடுக்கிற சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. கதவை இடித்துத் திறந்தால் சுவரோரம் சுருண்டு கிடக்கிறான், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை அவனுக்கு. ஸ்டீராய்டு குறைந்து இப்படி விழுந்தால் போட வீட்டில் வைத்திருக்கிற அவசர ஊசியை எடுத்துக்கொண்டு உன் அம்மா ஓடி வந்தாள். நாள் முழுக்கக் கண்ணாடி வெட்டி மயிரிழை பிசகாத என் கைக்கு அன்றைக்கு மருந்துக் குப்பியின் மூடியைக்கூடத் திறக்க வரவில்லை. "தள்ளுங்க" என்று பிடுங்கி அவளே அவன் தொடையில் போட்டாள், ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். ஆம்புலன்ஸ் வந்து, சலைன் ஏறி, சாயங்காலம்தான் "அப்பா" என்றான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்றேன். "எலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையா கிடக்கறதுக்கு இது பரவாயில்லைன்னு நினைச்சேன்பா" என்கிறான். அதற்குமேல் எப்படித் திட்டுவது?

இப்போது வீட்டில்தான் இருக்கிறான், முதுகுக்குப் பெல்ட் போட்டிருக்கிறான், டாக்டரம்மா ரத்தம் பார்த்து மாத்திரையின் அளவைச் சரிசெய்து, கால்சியமும் கொடுத்து, அளவாக நடக்கச் சொல்லியிருக்கிறார், எலும்பு தேற வழி இருக்கிறதாம். கடைக்காரர் பில் போடுகிற நாற்காலியைத் தருகிறேன் என்கிறார், இவனுக்கு அது கௌரவக் குறைச்சலாம். உன் அம்மா குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள், வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கிறது.

நீ அங்கே தனியாகப் பதறுவாய் என்று இதையெல்லாம் மறைத்துவைத்தோம். ஆனால் போன வாரம் போனில் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டதற்கு, "பாத்துதான் போட்டுக்கறேன்பா" என்றாய். பார்த்து என்றால் என்ன அர்த்தம் அம்மாடி? அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் மறைத்தாலும் முதுகு விஷயம் அவன் சொல்லி உனக்கு முன்பே தெரிந்திருக்கும், தினமும் பேசிக்கொள்கிறவர்கள்தானே நீங்கள். பாதி மாத்திரை யோசனை யாருடையது என்று அவனைக் கேட்டால் சுவரைப் பார்க்கிறான், உன் பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். நான் கோபப்பட மாட்டேன், சத்தியமாக. குறைத்திருந்தால் இப்போதே எழுந்து போய் டாக்டர் சொன்ன அளவைப் போடு, உடனே அவரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல், எலும்பையும் அளந்துவிடு.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி என்றைக்கும் உனக்கு உண்டு. மறக்காமல் அறைத்தோழிக்கு அந்த ஊசி போடக் கற்றுக்கொடு. இவன் விழுந்தபோது நாங்கள் பக்கத்தில் இருந்தோம், உன் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெண்ணின் பேர்கூட எனக்குத் தெரியாது.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
அப்பா