என்னிடம் கேட்ட கேள்விகள்

அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பீர்கள். கடிதத்தில்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

பெண்கள் விவசாயத் திட்டத்தில் நாங்கள் நடத்தும் நாற்றுப் பண்ணையைப் பார்க்கக் காலையில் அதிகாரி அம்மா வந்தார். தக்காளி நாற்று எப்படி இவ்வளவு திடமாக இருக்கிறது என்று என்னைத்தான் கேட்டார். பண்ணைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத நீங்கள், "நல்ல உரமா போடுறோம் மேடம்" என்றீர்கள். கடை உரம் ஒரு பிடிகூட நாங்கள் போட்டதில்லை.

"திட்டத்துல சேர்ந்ததுல உங்களுக்குத் தைரியம் வந்திருக்காம்மா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கென்ன மேடம், ரொம்ப தைரியம் வந்துடுச்சு" என்றீர்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என்னை டீ போட உள்ளே அனுப்பிவிட்டு, "அடுத்த வருஷம் பண்ணை வேணாம் மேடம், அவளுக்கு வீட்டு வேலையே சரியா இருக்கு" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஒன்பது குடும்பம் அதில் பிழைக்கிறது. ஜன்னல் வழியாக அது காதில் விழுந்ததும் டீத் தட்டோடு ஓடி வந்தேன். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

நாளை நாங்கள் எல்லோரும் அவர் அலுவலகத்துக்குப் போகிறோம். வர நேரமாகும். யாராவது என்னைத் தேடி வந்தால் நீங்களே ஏதாவது பதில் சொல்லிவிடுங்கள். பழக்கம்தானே.

இப்படிக்கு,
ரொம்ப தைரியம் வந்தவள்