கேக்கில் பூ பிழிகிறவள்

மார்ச் 4, செவ்வாய்

பேக்கரி முதலாளியிடம் (கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்) இன்று பிரசவ விடுப்பு கேட்டேன். சிரித்துவிட்டார்.

"லீவா? நீ என்ன இங்க வேலைக்காரியாம்மா? பூ பிழியற நாஸில் எல்லாம் உன்னோடது. ஒரு கேக்குக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கறே. நீ தனியாத் தொழில் பண்றவ. உனக்கு நீதான் முதலாளி."

முதலாளியாம். நாளெல்லாம் நின்றபடி கிரீம் பூ பிழிந்து இந்த முதலாளிக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஐந்தாம் மாதம்.

மார்ச் 5

"அண்ணன் நல்ல மனுஷன், அவர்கிட்டப் போய் வம்பு பண்ணாதே" என்கிறார் என் வீட்டுக்காரர்.

நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? நான் வாந்தி எடுத்த நாட்களில் என் மேஜையில் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தவர். ஆனால் பிள்ளை பெற்றுத் திரும்பும்போது அந்த மேஜையில் இன்னொருத்தி நின்றால்? எலுமிச்சம்பழத்தைக் காட்டி என் இடத்தைக் கேட்க முடியுமா?

மார்ச் 11, செவ்வாய்

காலையில் தலைசுற்றல். எனக்குப் பதிலாக நாத்தனாரை அனுப்பினேன். இருவரும் ஒரே கேக் வகுப்பில்தான் கற்றோம். அவள் ரோஜா என் ரோஜாவைவிட அழகு, வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"பூ நல்லாத்தான் இருக்காம் அண்ணி. ஆனா நம்ம கடைப் பூ மாதிரி இல்லையாம். உங்களையே வரச் சொல்றார்."

பிறகு அவரே போன் செய்தார். "நீ இல்லாம கடையில களையே இல்லம்மா."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் தனித் தொழில்காரி என்றால், என் ஆளை நான் அனுப்பக் கூடாதா?

மார்ச் 12

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். இனி அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 20

அலுவலகத்திலிருந்து அவருக்குத் தகவல் போயிருக்க வேண்டும். இன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜையில் எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது. அழுகை அழுகையாக வந்தது.

மார்ச் 27, வியாழன்

தொழிலாளர் அலுவலகத்தில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார் அதிகாரி அம்மா. "இவங்க உங்ககிட்ட எப்படி வேலை பாக்கறாங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

குறை சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் என்று நினைத்தேன். மனிதர் புகழ ஆரம்பித்துவிட்டார்!

"ஏழு மணிக்கு வரச் சொன்னா அதுக்கு முன்னாடியே வந்து நிப்பா மேடம். எந்தக் கேக்குக்கு என்ன பூ, என்ன கலர்னு காலைல சொல்லிட்டாப் போதும், மாத்தவே மாட்டா. எங்க கடைச் சட்டை, தொப்பி இல்லாம ஒரு நாள் நின்னதில்லை. பக்கத்துத் தெரு பேக்கரியில கூப்பிட்டாங்க, போகாதேன்னேன், போகலை."

"அவங்களுக்குப் பதிலா வேற ஆள் வந்து செய்யலாமா?"

"அதெப்படி மேடம்? இவ கைக்காகத்தானே ஜனங்க வர்றாங்க!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இவங்க தனியாத் தொழில் பண்றாங்கங்கறது எதுல?"

"நாஸில்..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பாவம், என்னை விட்டுக்கொடுக்க மனசு வராமல் பேசிப் பேசியே மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் குழப்பமாகப் பார்த்தார்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"இல்லண்ணே. எல்லாமே உண்மை."

ஏப்ரல் 15

தீர்ப்பு வந்தது. நான் வேலைக்காரிதானாம். இந்த வார்த்தையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

என் குழந்தையைப் பார்க்க அண்ணன் வந்தார். பெண் குழந்தை. "மாவு மூட்டை தூக்கற மாதிரி தூக்காதீங்கண்ணே" என்று கத்தினேன். என் மேஜையில் இப்போது நாத்தனார் நிற்கிறாள். "நீ வர்ற வரைக்கும்தான்" என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது பையிலிருந்து என் நாஸில் டப்பாவை எடுத்து நீட்டினார். எல்லாம் கழுவித் துடைத்திருந்தது. கணக்கைத் தீர்க்க வந்தாரா?

"கடைக்குப் புது செட் வாங்கிட்டேம்மா. வேலைக்கு வர்றவ சாமானையும் தூக்கிட்டு வரணுமா என்ன?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"லீவு முடியறதுக்குள்ள கடைப் பக்கம் வந்தே, தெரியும் சேதி."

லீவு. அவர் வாயாலேயே சொன்னார்.