குளோரி காதுல வண்டு

5 ஆகஸ்ட் 2002, திங்கள்

கம்ப்யூட்டர் வந்தாச்சு. செகண்ட் ஹேண்டுதான். எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நாகேஷ், அவன் ஸ்கூட்டர் சீட்டு நான் தைத்தது என்ற பழக்கத்தில், ஒரு ஹெட்போனையும் சும்மா கொடுத்தான். நல்லா இருக்கட்டும். குளோரி அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பைலட்டம்மா, பிளேன் எப்போ கிளம்பும்?"

"உங்களை இறக்கிவிட்டதும்."

வாய்! என் பொண்டாட்டிதானே.

கம்ப்யூட்டர் ஒயரில் மூணு பின். ரூம் சுவரில் ரெண்டு ஓட்டை. குண்டுப் பின்னை, சீட்டு ஸ்பிரிங் வெட்டுகிற கட்டரால் நறுக்கிவிட்டேன். கச்சிதமா உட்கார்ந்தது. நாலாம் கிளாஸ் மூளை!

7 ஆகஸ்ட்

எழுதி வைக்கிறேன். கார்மெண்ட்ஸில் செக்கிங் டேபிள் முன்னால் நாள் முழுக்க நின்று நின்று குளோரிக்கு முழங்கால் வீங்கிப் போச்சு. உட்கார்ந்த வேலை பாருங்க என்று டாக்டர் சொல்லிட்டார். உட்கார்ந்த வேலை எங்கே கிடைக்குது? கிடைத்திருக்கு. அமெரிக்கா டாக்டருங்க நோயாளியைப் பற்றிப் பேசுவதை ஒரு கம்பெனி சிடியில் தரும். கேட்டு டைப் அடிக்கணும். வீட்டிலேயே. இவள் பி.யூ.சி., டைப்பும் தெரியும். பத்துப் பேச்சு டெஸ்ட். தேறினால் வேலை. இல்லாட்டி லீவு முடிந்ததும் அதே டேபிள், அதே முழங்கால்.

10 ஆகஸ்ட்

ஹெட்போனில் ஙொய்ங்... என்று ஓயாமல் ஒரு சத்தம். "காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்குங்க."

"இருபது வருஷமா நான் பேசுறதுதான் உள்ளே தங்கிடுச்சு போல."

சிரிக்கவில்லை. பெட்டியைத் தொட்டால் கையில் எறும்பு ஊறுதாம். பழைய பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

13 ஆகஸ்ட்

வேற ஹெட்போன் வாங்க வழியில்லை. வழி என் கையிலேயே இருக்கே! ஆட்டோ சீட்டு ஃபோமை வட்டமா வெட்டி, மேலே வெல்வெட் துணி சுற்றி, ரெண்டு காதுக்கும் குஷன் தைத்தேன். தெருவில் பஸ் ஹாரன் அடிப்பதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. பேச்சு கனமா, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வருதாம். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்புறம் மெதுவா சொன்னாள் — வண்டும் பக்கத்தில் வந்துடுச்சாம்.

"மிச்ச ஃபோமில் வாய்க்கு ஒரு குஷன் தெச்சு மாட்டிக்கோங்க" என்றாள்.

16 ஆகஸ்ட்

டெஸ்ட் திரும்பி வந்துடுச்சு. மூணு தப்பு. மூணும் நம்பர். டாக்டர் ஃபிஃப்டீன் என்றதை இவள் ஃபிஃப்டி என்று அடித்திருக்கிறாள். மருந்து அளவு அது. பதினஞ்சு கொடுக்கிற இடத்தில் அம்பது கொடுத்தால் ஆளு காலி. கம்பெனிக்காரம்மா நல்லவங்க, திங்கட்கிழமை இன்னொரு சிடி தருகிறேன், அதுதான் கடைசி என்றார்களாம்.

குளோரி சாப்பிடவில்லை. எனக்கும் ஜோக் வரவில்லை. வராத நாளும் உண்டா எனக்கு?

17 ஆகஸ்ட்

நாகேஷ் கடையை விட்டுவிட்டு வந்தான். வேறு ஹெட்போன் போட்டுப் பார்த்தான். அதே வண்டு. பெட்டியைத் தொட்டவன் வெடுக்கென்று கையை எடுத்தான். ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போனான்.

"பெர்னார்ட் சார், எர்த் பின் எங்கே?"

நான் சீலிங்கைப் பார்த்தேன்.

"இறங்க வேண்டிய கரண்ட்டுக்கு வழி இல்ல சார். அதான் மேடம் காதுல பாடுது."

நான்தான்டா வெட்டினேன். அழகா இருக்கு என்று வேற நினைச்சேன். அவ படிச்ச படிப்பு, அவ முழங்காலு, எல்லாத்தையும் சேர்த்து ஒரே நறுக்கு. சொல்லாம விட்டுடலாமான்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. சொல்லிட்டேன். குளோரி என் பக்கம் திரும்பினாள்.

"வண்டு நீங்கதான்னு அன்னைக்கே நீங்களே சொன்னீங்க. நான்தான் நம்பல" என்றாள். அப்புறம் சிரித்தாள். மாதாவே, அந்தச் சிரிப்புக்கு நன்றி.

வீட்டில் எர்த் உள்ள மூணு ஓட்டை பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. சமையல் ரூமில், மிக்ஸிக்கு. மிக்ஸியைக் கழற்றி மேலே வைத்தேன். நாகேஷ் புது ஒயர் போட்டான். அரிசி டின் பக்கத்தில் கம்ப்யூட்டர். போகும்போது குஷனை அமுக்கிப் பார்த்து, "நம்ம கடைக்கு ஒரு பத்து ஜோடி தெச்சுக் குடுங்க சார்" என்றான்.

19 ஆகஸ்ட்

கடைசி சிடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அந்த டாக்டர் எச்சில் முழுங்குறதுகூடக் கேக்குதுங்க."

நான் மூச்சுகூட மெதுவாத்தான் விட்டேன்.

29 ஆகஸ்ட்

மாதா கோயிலில் கொடியேற்றம். குளோரி பாஸ். இதுக்கு மேல எழுத வரலை.

14 செப்டம்பர், சனி

காலையில் இட்லி ஊற்றி வைத்தேன். சட்னி அரைக்கணும். குளோரி பக்கத்திலேயே உட்கார்ந்து, காதை மூடிக்கொண்டு டைப் அடிக்கிறாள். ரெண்டு கிண்டல் செய்து பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, இருங்க என்று காட்டினாள். இருந்தேன்.

தேங்காயும் மிளகாயும் போட்ட மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்காவிடம் போனேன்.

"என்ன பெர்னார்ட், உங்க வீட்ல கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு அக்கா. குளோரி வேலையில இருக்கா."