உதடு மரத்தது, பல் மரக்கவில்லை

ஓஷ்,
மார்ச் 14

அன்புள்ள பெகாயிமுக்கு,

அக்கா ஜிபார் எழுதுவது. நீயும் குழந்தை ஆய்பேரியும் நலமா? என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவாய் என்று சந்தேகம். அதனால்தான் உறையில் ஆய்பேரியின் பெயர். எழுத்துக்கூட்டியாவது அவள் உனக்குப் படித்துக் காட்டுவாள்.

டாக்ஸி ஓட்டுகிற ஓரோஸ்பாய் கீழ்க் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் வந்தாரே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பம். மரப்பு ஊசி போட்டேன். உதட்டைத் தட்டிப் பார்த்தேன், கட்டையாக இருந்தது. பல்லில் மெஷினை வைத்ததும் கருவித் தட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, "டாக்டரம்மா, மருந்து போட்டீங்களா, தண்ணி போட்டீங்களா?" என்று கேட்டார். அதே வாரம் இன்னும் இரண்டு பேர், அதே கீழ்ப் பல், அதே அலறல்.

மருந்து அலமாரிச் சாவி நர்ஸான உன்னிடம். வேறு யாரைச் சந்தேகிப்பேன்? நல்ல மருந்தை வெளியே விற்றுவிட்டு எதையோ நிரப்பி வைக்கிறாய் என்று முடிவு கட்டினேன். குப்பி மூடிகளில் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளியும் கலையவில்லை. அதற்கும் நிம்மதி வரவில்லை, பலே கைகாரி என்றுதான் தோன்றியது. "உதட்ட விடுங்கக்கா, பல்லுல ஐஸ் வச்சுப் பாப்போம்" என்று நீ சொன்னபோது, பேச்சை மாற்றுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எல்லார் முன்னாலும் உன் பையைக் கவிழ்த்தேன். ஒரு குப்பியும் இல்லை. மகளுக்கு வாங்கிய ரொட்டி தரையில் குப்புற விழுந்தது. ரொட்டி குப்புறக் கிடப்பது பாவமாயிற்றே என்று காத்திருந்தவர்கள் பதறி எழுந்துவிட்டார்கள். நீ அதை எடுத்து நெற்றியில் ஒற்றி, என் மேஜையில் முகம் மேலாக வைத்துவிட்டுப் போனாய். நீ போனதையும் குற்றத்தின் கணக்கில்தான் சேர்த்தேன்.

போன வாரம் எனக்கே கீழ்க் கடைவாயில் வலி பிடித்துக்கொண்டது. என் அலமாரி மருந்தை நம்பாமல், என்னோடு படித்த பல் டாக்டர் எர்மெக்கிடம் போனேன். மருந்துப் பெட்டியை என் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னேன். உதடு மரத்தது. மெஷின் பட்டதும் அவன் மணிக்கட்டைப் பிடித்து, "தண்ணியவாடா போட்ட?" என்று கத்திவிட்டேன். அவன் சிரித்தான். "உதடு மரத்தா பல்லும் மரத்துருச்சுன்னு அர்த்தமா? கொதிச்சுக் கெடக்குற நரம்பு ஒரு ஊசிக்கு அடங்காது. நீயெல்லாம் ஒரு டாக்டரு" என்றான். வீக்கம் தணிக்கிற மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தான். பழைய இடத்தில் மறுபடி ஓர் ஊசி, கன்னப் பக்கம் பல்லையொட்டி இன்னொன்று. அப்புறம் பல்லில் ஐஸ் வைத்துப் பார்த்தான். நீ சொன்ன அதே ஐஸ். சில்லென்று எதுவும் தெரியவில்லை. மறுபடி மெஷினை வைத்தபோது வாயைத் திறந்தபடியே அழுதேன். வலிக்கிறது என்று நினைத்து அவன் மெஷினை நிறுத்திவிட்டான்.

நேற்று ஓரோஸ்பாய்க்கும் அப்படியே செய்தேன். நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு எங்க?" தப்பு என்னுடையது என்று காத்திருந்தவர்கள் எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்.

அலமாரிச் சாவி உன் ஆணியிலேயே தொங்குகிறது. குழந்தைக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் குறை ஏதும் வராதிருக்கட்டும். அந்த ரொட்டி கல்லாகிவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை, பிய்க்க எனக்குத் தகுதியும் இல்லை. டீயில் நனைத்தால் இளகும். நீ வந்து பிய்த்துக் கொடு, தங்கச்சி.

உன் அக்கா,
ஜிபார்