பச்சைப் பாகு பூசிய இறக்கை

இன்று உன் முப்பதாம் நாள் பூசை. தேவாலயத்தை விட்டு வெளியே வந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸில் வெயில் மண்டையைப் பிளந்தது. கால் போன போக்கில் நடந்து, நம் செண்டோல் கடை முன்னால் போய் நின்றேன். கடைக்கார அண்ணன் வழக்கம்போல இரண்டு கிண்ணங்களை எடுத்தார்.

"இன்னிக்கு ஒண்ணு போதும்ணே."

"உங்க கூட்டாளி ஃப்ளைட்டுக்குப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

சீவிய ஐஸின் மேல் பச்சை இழைகளும் குலா மலாக்கா வெல்லப் பாகும் இறங்கியபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வட ஜப்பானில் நமக்கு முதல் குளிர்காலம். நாம் இருவரும் இணை விமானிகளாகப் பழகிக்கொண்டிருந்த காலம். நம் விமானத்தின் இறக்கையில் பச்சைத் திரவத்தைப் பீய்ச்சியடித்தார்கள். நீ சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "ஏய், செண்டோல் ஊத்துறாங்கடி!" என்றாய். கேப்டன் திரும்பி முறைத்தார். முதலில் சூடான ஆரஞ்சுத் திரவம், இறக்கையில் பிடித்த பனியைக் கரைத்து விரட்டுவதற்கு. பிறகு கெட்டியான அந்தப் பச்சைப் பாகு, புதிதாக விழும் பனி ஒட்டாமல் கொஞ்ச நேரம் காப்பதற்கு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றையும் படித்துத் தேறியிருந்தோம். ஆனால் நாம் கண்ணால் கண்ட பனியெல்லாம் அதுவரை ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் சீவிப் போடும் ஐஸோடு சரி.

அதற்குச் சற்று முன்புதான் நாம் அசடு வழிந்திருந்தோம். விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்கும்போது இறக்கை பளபளவென்று மின்னியது. "ஈரம்தான்" என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம். மழையில் பிறந்து மழையில் வளர்ந்தவர்கள் வேறெப்படிச் சொல்வோம்? நம் ஊரில் மின்னும் இறக்கை என்றால் மழைத் தண்ணீர். உனக்கு என்ன தோன்றியதோ, தரைப் பொறியாளரின் ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் தடவிப் பார்த்தாய். கண்ணாடி போல ஐஸ். உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பாகப் பனி படிந்தாலே விமானம் எழும்ப மறுக்கும் என்று படித்தவர்கள்தான் நாம். விறைத்த கையை என் கழுத்தில் வைத்து என்னை அலறவிட்டுவிட்டு, "நம்ம ஊரு கண்ணு இங்க வேலைக்காகாதுலா. கையாலதான் பாக்கணும்" என்றாய்.

சறுக்கும் ஓடுபாதை மட்டும் நமக்குப் புதிதில்லை. நம் ஊர் விமான நிலையமான சிப்பாங்கில் பிற்பகல் மழை கொட்டித் தண்ணீர் தேங்கும்போது, பூப்போல இறக்கினால் சக்கரம் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தித்தான் இறக்க வேண்டும். நீ ஒருமுறை அப்படி இறக்கியபோது ஓர் ஆன்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, "என்னம்மா, மூட்டை போடுற மாதிரி போட்டுட்ட" என்றார். "மூட்டை பத்திரமா வந்திருச்சில்ல ஆன்டி?" என்று நீ கேட்க, அவரும் சிரித்துவிட்டார். கோபப்பட வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

நீ எனக்கு முன்னால் கேப்டன் ஆனாய். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், அது உனக்கும் தெரியும். நீ கேப்டனான அந்த வருஷக் குளிர்காலத்தில் ஒருநாள், அதே ஜப்பானிய ஊரில், கிளம்பும் முன் உன் தம்பியின் செய்தி வந்தது. கிள்ளான் மருத்துவமனையில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, சீக்கிரம் வா. மாற்று விமானி அங்கே கிடையாது. நீ, இணை விமானியாகப் பக்கத்தில் இருந்த என் பக்கம் திரும்பினாய்.

"நீ ஓட்டு, நான் பாத்துக்கிறேன். என்னால முடியலன்னு தோணிச்சுன்னா சொல்லிருவேன். நீயும் வாயைத் திறந்து சொல்லணும்."

இறக்கையில் பாகு பூசி வரிசையில் நின்றோம். பனிவாரி வண்டிகள் ஓடுபாதையை வழித்துக்கொண்டே இருந்தன. எங்களுக்கு முன் அதில் இறங்கிய விமானி, பிரேக் சுமாராகத்தான் பிடிக்கிறது என்றார். வரிசை நகரவில்லை. பனி கனத்தது, பாகு தாங்கும் நேரம் தீர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சொன்னாய்: "திரும்பிரலாம். மறுபடியும் ஊத்தட்டும்."

"உங்க அப்பா..." என்றேன்.

"பின்னால எத்தனை பேரோட அப்பா உக்காந்திருக்காங்க, பாரு." பிறகு மெதுவாக, "ரயில் ஓட்டின மனுஷன்டி அவரு. என்ன சொல்வாரு தெரியுமா? லேட்டாப் போனா திட்டு வாங்கலாம். போய்ச் சேரலன்னா யார்கிட்ட வாங்குறது?"

நீ சீருடையோடு கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஈமச்சடங்கில் என் தோளில் சாய்ந்து நீ அழுதாய். ஆனால் விமானத்தை வரிசையிலிருந்து திருப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை வருந்திப் பேசவில்லை, அன்றும் சரி, அதன் பிறகும் சரி.

இப்போது நானும் கேப்டன். போன மாதம் அதே ஊரில், கிளம்பும் முன், நோயில் படுத்திருந்த உன்னைப் பற்றி உன் கணவரின் செய்தி வந்தது. 'உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா.' அன்று நீ என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை என் இணை விமானியிடம் சொன்னேன். ஓட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். பாகு பூசி வரிசையில் நின்றோம். பனி கனத்தது. நேரம் தீர்ந்தது. உன்னைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இருந்தும், "திரும்பிரலாம்" என்று சொன்னது என் வாய்தான். பின்னால் பயணிகள் உச்சுக்கொட்டுவது எனக்குக் கேட்டது போல இருந்தது.

உன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் கணவரிடம் "லேட்டாயிருச்சு" என்றேன்.

"நீங்க லேட்டாத்தான் வருவீங்கன்னு அவளுக்குத் தெரியும்" என்றார். "'அங்க ஸ்னோ கொட்டுதாம். அவ திரும்பிப் போயி, மறுபடியும் செண்டோல் ஊத்திட்டுத்தான் வருவா. யாரும் அவளைத் திட்டாதீங்க'ன்னு சொன்னா. அதுதான் கடைசியா பேசினது."

செண்டோல் முழுவதும் கரைந்துவிட்டது. நாளை மறுபடியும் வடக்கே போகிறேன். இறக்கை மின்னினால் ஏணி கேட்பேன், கையுறையைக் கழற்றுவேன், விறைக்கும் வரை தடவிப் பார்ப்பேன். அந்தக் கையைக் கொண்டுபோய் வைக்கத்தான் உன் கழுத்து இல்லை.

நீ சொன்னபடியே யாரும் என்னைத் திட்டவில்லையடி. நீயாவது இருந்து திட்டியிருக்கலாம்.