அரை சதவீதத்துக்கு ஒரு வீடு

மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்து ஆறு பேர் வீடு பார்க்க வந்தார்கள். ஒருத்தி என் பீரோவைத் திறந்து மூக்கை நுழைத்தாள். விற்பது வீட்டையா, என் உள்பாவாடையையா? ஒரு பெரிய மனிதர் கழிவறையைப் பார்க்கிறேன் என்று போய், உபயோகித்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் வந்தார். வந்து, "பாத்ரூம்ல ஒரு மாதிரி வாடை வருதே" என்கிறார். சீ.

வாசலில் அட்டை தொங்குகிறது: 'நேரடி விற்பனை. தரகர் வேண்டாம்.' இவர் கைப்பட எழுதியது. "நம்ம வீட்டை விக்க நடுவுல ஒருத்தன் எதுக்கு?" என்கிறார். சரிதான். ஆனால் படுக்கை, குளியல் எல்லாம் மாடியில். பாதிப் படியில் இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை. தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மே பதினைந்துக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்த ஃபிளாட் நமக்கில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இவரை என்ன செய்வது? ஆயுள் முழுக்க பம்ப் மெக்கானிக்காக இருந்தவர். வருகிறவர்களுக்கு ஹாலைக் காட்டு, வெளிச்சத்தைக் காட்டு என்றால், தான் செய்த ரிப்பேரையெல்லாம் வரிசையாகக் காட்டுகிறார். "இந்த மூலையில ஒழுகிச்சு, ரெண்டு தடவை அடைச்சேன். இது மூணாவது குழாய்." இதில் பெருமை வேறு! வந்தவர்கள் முகம் அறைக்கு அறை நீண்டுகொண்டே போனது.

"பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட ஆபரேஷன் தழும்பைத்தான் முதல்ல காட்டுவீங்களா?" என்று கத்தினேன்.

"காட்டத்தான் வேணும். அப்புறமா தெரிஞ்சா?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

போன வாரம் வந்த ஆசிரியர் தம்பதி மறுபடி வந்தார்கள். இரண்டு மணி நேரம். இவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். கேட்ட விலைக்குப் பேரம் கூடப் பேசவில்லை. "பத்து நாள் குடுங்கம்மா, பேங்க்ல லோன் லெட்டர் வந்துடும்" என்றாள்.

துணிக்கடையில் முப்பது வருஷம் நின்றவள் நான். பேரம் பேசாதவர்கள் வாங்க மாட்டார்கள். எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, 'அப்புறம் வர்றோம்' என்று போகிற ஜாதி. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இவர், "நல்ல ஜனங்க, காத்திருப்போம்" என்கிறார். இவருக்கு எல்லாரும் நல்ல ஜனங்கள்தான்.

மார்ச் 19, செவ்வாய்

அரை சதவீதக்காரனிடம் கையெழுத்துப் போட்டாயிற்று. மற்ற தரகர்கள் இரண்டு கேட்கும்போது இவன் அரை சதவீதம்தான் கேட்கிறான். கையில் இரண்டு போன், வாயில் பாக்குச் சிவப்பு மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிரிப்பு. மூன்று மாதத்துக்கு யார் வாங்கினாலும் அவன் மூலமாகத்தான் வாங்க வேண்டும். வீட்டைக் காட்டுவது நாங்களேதான். பிறகு அவன் எதற்கு என்று இவர் கேட்டார். நான் முறைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு நிபந்தனை: "ஆளுங்க வர்றப்போ சார் வீட்ல இருக்க வேண்டாம்மா. சார் ரொம்ப உண்மை பேசறார்."

சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 28, வியாழன்

ஆசிரியை போன் செய்தாள். லோன் லெட்டர் வந்துவிட்டதாம். இவர் தெருமுனை பெஞ்சில் இருந்தார், வீடு பார்க்க ஆள் வருவதாகச் சொல்லி நான்தான் அனுப்பியிருந்தேன். யாரும் வரவில்லை, அது வேறு.

"இனிமே எல்லாம் ஏஜெண்டுதாம்மா, அவர்கிட்ட பேசுங்க" என்று அவன் நம்பரைக் கொடுத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், 'அன்னைக்கே காத்திருப்போம்னு சொன்னேனே' என்பார். அதை யார் கேட்பது?

ஏப்ரல் 1, திங்கள்

அரை சதவீதக்காரனைக் கேட்டேன். "அந்த டீச்சரா? கடைசி நேரத்துல பேங்க் மாட்டேன்னுடுச்சாம்மா." நான் நினைத்தது சரியாகப் போயிற்று. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 6, சனி

யாரும் வரவில்லை. அவன் போட்ட விளம்பரப் படத்தில் இருப்பது எங்கள் வீடே இல்லை, பக்கத்து வீட்டு மாடி.

ஏப்ரல் 25, வியாழன்

அரை சதவீதக்காரன் ஒருத்தனை அழைத்து வந்தான், விரலுக்கு விரல் மோதிரம். மாடிக்குக் கூட ஏறவில்லை. கேட்ட விலைக்கு வெகு கீழே. "உடனே பணம்மா. மே பதினைஞ்சு ஞாபகம் இருக்கில்ல?" என்றான் என் ஏஜெண்ட். என்னிடம் கமிஷன் வாங்குகிறவன், என் கழுத்தில் கத்தியை வைக்கிறான்! ஃபிளாட் கெடுவை அவனிடம் உளறியது யார்? நான்தான்.

இவர், "சரி, உனக்குச் சரின்னா சரி" என்றார்.

மே 9, வியாழன்

பதிவு முடிந்தது. அலுவலக வராந்தாவில் பேனாவை மூடிக்கொண்டே மோதிரக்காரன் ஏஜெண்டிடம் சொல்கிறான்: "மாமா, அக்கா சாப்பிட வரச் சொன்னா."

அரை சதவீதக்காரனின் மச்சான்!

என்னைப் பார்த்தான் ஏஜெண்ட். அதே சிரிப்பு. அந்தக் கையோடுதானே கை குலுக்கினேன் — வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். இவரிடம் இதை மட்டும் சொன்னேன். "அரை சதவீதத்துக்கு அவன் எப்படிம்மா பிழைப்பான்?" என்றார், ரிப்பேருக்கு வந்த மோட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல.

ஜூன் 23, ஞாயிறு

ஃபிளாட் நன்றாகத்தான் இருக்கிறது. படி இல்லை.

மாலையில் மணி அடித்தது. ஆசிரியர் தம்பதி. பழைய வீட்டை வாங்கிவிட்டார்களாம், போன வாரம், மோதிரக்காரனிடமிருந்து. நாங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்து. தண்ணீர்த் தொட்டி விஷயமாக இவரைக் கேட்க வந்திருக்கிறார்கள்.

காபி கொடுத்தேன். அந்தப் பெண் டம்ளரை வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல்தான் கேட்டாள்:

"லெட்டர் ரெடின்னு நான் அன்னைக்கே போன் பண்ணினேனேம்மா. வீடு கைமாறிடுச்சுன்னு உங்க ஏஜெண்ட் சொன்னார். எங்களுக்குக் குடுக்க உங்களுக்கு ஏன் மனசு வரல?"

இவர் என் பக்கம் திரும்பினார். முப்பது வருஷம் ஆள் பார்த்த கண்ணாம்! தூ.

இவர் அவர்கள் பக்கம் திரும்பி, "தொட்டியில என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்றார். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். படுக்கப் போகும்வரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.