நாற்பது லிட்டர் பாலும் நான் சொல்லித் தராத கணக்கும்

அக்கா,

இன்று டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நாம் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில், கடைக்காரர் ஒரு புதுப்பெண்ணுக்கு இட்லி மாவுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். "அரிசி நாலு, உளுந்து ஒண்ணு. அச்சா?" என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வாங்க வந்ததை வாங்காமலே மெட்ரோ ஏறிவிட்டேன்.

அந்த நாலுக்கு ஒன்றை நீங்கள் கண்ணளவிலேயே போட்டு ஊற வைப்பீர்கள். ஒரு நாளும் தப்பியதில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் இரண்டு வருடம் குடிமைப் பணித் தேர்வுக்கு அறைத்தோழிகளாகச் சேர்ந்து படித்தோம். பொதுப் பாடத் தாளில் உங்களை மிஞ்ச அந்தத் தெருவிலேயே ஆளில்லை. திறனறித் தாளில் விகிதக் கணக்கைக் கண்டால் மட்டும் பேனாவை மூடிவிடுவீர்கள். "பாலும் தண்ணியும் அஞ்சுக்கு மூணாம், மொத்தம் நாப்பது லிட்டராம். யார் வீட்டுலட்டி இவ்வளவு பால் வச்சிருக்காக?" என்று உங்கள் திருநெல்வேலித் தமிழில் சிரிப்பீர்கள். பிறகு குரல் இறங்கும். "ஒரே ஒருக்க சொல்லிக் குடேன்."

"அது வெறும் பாஸ் மார்க் தாள்தானேக்கா, பாத்துக்கலாம்" என்பேன்.

வயது வரம்புப்படி அந்த வருடத் தேர்வுதான் உங்கள் கடைசி வாய்ப்பு. அது தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வியில் அந்தத் தாள் போயிற்று. அதில் தேறாவிட்டால் மற்ற தாளில் எவ்வளவு வாங்கினாலும் குப்பைதான். அன்று வந்த மூன்று விகிதக் கேள்விகளையும் நீங்கள் தொடவே இல்லை. நான் மூன்றையும் போட்டேன், தேறினேன். பெட்டி கட்டும்போதுகூட நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். "நீ ஏம்ட்டி அழுவுத? எனக்குக் கணக்கு வராது, அவ்வளவுதான்."

ஊருக்குப் போன நாலாம் மாதம் டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று.

நான் இங்கே அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறேன். "மேடம், மேடம்" என்று கூப்பிடுகிறார்கள். சில நாள் அந்தச் சொல்லே கசக்கிறது. நேரமில்லாமல் நான் தட்டிக்கழிக்கவில்லை அக்கா. பொறாமை. எல்லாவற்றிலும் என்னை முந்திய உங்களுக்கு முன்னால், எனக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான். அதையும் கொடுக்க மனம் வரவில்லை.

கணக்கு வராது என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்கள். நான் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும்.